தொற்றுப் பட்டியலில் இலுப்பப்பட்டு

தொற்றுப் பகுதி என்று அறிவிக்கப்பட்ட ஓர் ஊரில் தடுப்பு நடவடிக்கைகள் எல்லாம் முடிந்து, கடைசி நோயாளி குணமாகியோ இறந்தோ, நோயரும்பு காலத்தைப் போல இரு மடங்கு நாட்கள் கழிந்துவிட்டால், அது தொற்று நீங்கிய ஊர். சர்வதேசச் சுகாதார விதிகள் அன்று அப்படித்தான் சொல்லின. காலராவுக்கு நோயரும்பு காலம், அதாவது கிருமி புகுந்து நோய் தெரியும்வரை ஆகும் காலம், ஐந்து நாள். இரு மடங்கு என்றால் பத்து. அதே விதிகளை 1973-இல் திருத்தியபோது, காலராத் தடுப்பூசிச் சான்றிதழை எந்தப் பயணியிடமும் கேட்க வேண்டியதில்லை என்றும் முடிவு செய்தார்கள். இந்த இரண்டையும் தட்டச்சு செய்து என் மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருந்தேன். 1991-இல் ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில் இவற்றைப் படித்திருந்தவன் நான் ஒருவன்தான் என்று இன்றும் நம்புகிறேன். அதனால் யாருக்கும் நன்மை விளைந்ததாகச் சொல்ல முடியாது.

இதை எழுதவைத்தவர் இப்போது ஒரகடம் பக்கம் சுகாதார ஆய்வாளராக இருக்கும் ஒருவர். கொரோனா காலத்தில், வல்லம் வடகால் தொழிற்சாலை ஒன்றுக்கு வந்த வெளிநாட்டு இன்ஜினியர்களை ஹோட்டலில் பூட்டிவைத்துக் காவல் காத்துக்கொண்டிருந்தார். ஒருநாள் போனில் புலம்பினார். "சார், காலையில ஏழு நாள்ன்றாங்க, மத்தியானம் பதினாலுன்றாங்க, சாயங்காலம் கம்பெனி எம்.டி. பேசின உடனே விட்டுடுன்றாங்க. எந்த ரூல் சார் இது?" எந்த விதியும் இல்லை, கடைசியாக யார் போன் செய்தார்களோ அவர்தான் விதி என்றேன். "உங்க காலத்துல எப்படி சார்?" என்றார். எங்கள் காலத்தில் போன் குறைவு. மற்றபடி வித்தியாசம் இல்லை.

நான் வேதியியல் பட்டதாரி. வேலை கிடைக்காமல் துப்புரவு ஆய்வாளர் பயிற்சியில் சேர்ந்தேன். ஓராண்டில் கொசுப்புழு, கழிவறைக் குழி, மாட்டிறைச்சி, பொதுச் சுகாதாரச் சட்டம் எல்லாம் கற்றுக்கொடுத்தார்கள். மேலதிகாரியிடம் எப்படிப் பேசுவது என்பது பாடத்திட்டத்தில் இல்லை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் அமர்த்தப்பட்டு, செம்பரம்பாக்கம் ஏரிக்கு மேற்கே இருந்த பதினோரு ஊர்க் கிணறுகளுக்கு பிளீச்சிங் பவுடர் போடுவதில் பதினைந்து ஆண்டுகள் போயின. ஊரில் என் பெயர் யாருக்கும் தெரியாது. 'பவுடர் இன்ஸ்பெக்டர்' என்றால் வீடு வரை கொண்டுவந்து விடுவார்கள்.

1991 ஆகஸ்டில், அந்தப் பதினொன்றில் ஒன்றான இலுப்பப்பட்டுக்கு வெளியே, ஏரிக் கால்வாய் ஓரம், நெடுஞ்சாலை வேலைக்கு வந்த வெளியூர்க் கூட்டம் ஒன்று கூடாரம் போட்டிருந்தது. அதில் ஒருவனுக்கு வயிற்றுப்போக்கு. அரிசி கழுவிய நீர் போல என்று பாடப் புத்தகத்தில் எழுதியிருக்குமே, அதே. அவனை மருத்துவமனைக்கு அனுப்பும் முன் ஸ்வாப் எடுத்தேன். மலம் தொட்ட பஞ்சுக் குச்சியை, கிருமி சாகாமல் காக்கும் திரவம் உள்ள குப்பியில் இறக்கி, மேல்முனையை ஒடித்து, மூடி, மெழுகு வைத்து, பெயர் எழுதி, மடியில் வைத்துக்கொண்டு சென்னைக்குப் பஸ் ஏறினேன். குப்பி சாயக் கூடாது. பக்கத்து சீட்டுக்காரர், "இன்னா சார், தேனா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

மூன்றாம் நாள் முடிவு வந்தது. காலரா. அதற்குள் ஊரின் ஏழு கிணறுகளுக்கும் குளோரின் போட்டாயிற்று. வாளியில் பவுடரைக் குழம்பாகக் கரைத்து, பத்து நிமிடம் தெளியவிட்டு, தெளிந்த நீரை மட்டும் இன்னொரு வாளிக்கு மாற்றி, கிணற்றுக்குள் இறக்கி ஏற்றி ஏற்றி இறக்கிக் கலக்க வேண்டும். ஒரு மணி நேரம் கழித்துச் சோதனைக் குழாயில் மருந்துச் சொட்டு விட்டால் நீர் மஞ்சளாக வேண்டும். ஏழிலும் மஞ்சளாயிற்று. ஊர்க்காரர் ஒருவருக்கும் நோய் வரவில்லை. நோயாளி நான்கே நாளில் எழுந்து உட்கார்ந்து பீடி கேட்டான். அடுத்த வாரம் கூட்டமே கூடாரத்தைச் சுருட்டிக்கொண்டு வேறு மாவட்டத்துக்குப் போய்விட்டது.

இனி என் தவறு. தவறு என்றால், நான் விதியைப் பின்பற்றினேன். காலரா உறுதியானால் இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் மாவட்டச் சுகாதார அலுவலகத்துக்கும், சென்னையில் வெளிநாடு போகிறவர்களைச் சோதிக்கும் பயணிகள் சுகாதாரப் பிரிவுக்கும் தந்தி கொடுக்க வேண்டும். எங்கள் மாவட்டத்தில் அப்படி இரண்டாவது தந்தி கொடுத்தவர் எனக்கு முன்னால் எவரும் இல்லை. இருக்கவும் வாய்ப்பில்லை. ஏனென்றால் எங்கள் துறையில் காலராவுக்குக் காலரா என்று எழுதும் வழக்கம் இல்லை. 'கடும் வயிற்றுப்போக்கு' என்று எழுதுவார்கள். காலரா என்றால் சட்டமன்றத்தில் கேள்வி வரும். வயிற்றுப்போக்கு என்றால் வாழைப்பழம் சாப்பிடச் சொன்னால் போதும். வாராந்திரப் படிவத்தில் காலராவுக்கு ஒரு கட்டம் உண்டு. அதில் ஒரு கோடு போடுவது மரபு. நான் கோட்டுக்குப் பதில் ஒன்று என்று எழுதினேன். மாவட்டத்தில் அதை அழித்துக் கோடு போட்டார்கள். ஆனால் சென்னைக்குப் போன தந்தியை அழிக்க அவர்களுக்குக் கை எட்டவில்லை.

அந்த ஆண்டு தென் அமெரிக்காவில் காலரா பரவி உலகமே பயந்துகிடந்தது. வளைகுடா நாடு ஒன்று, தொற்று உள்ள ஊர்களிலிருந்து யாரும் வரக் கூடாது, ஊரில் தொற்று இல்லை என்ற சான்றோடுதான் விமானம் ஏற வேண்டும் என்று சொல்லிவிட்டது. விதிகளை மீறிக் கேட்டது அவர்கள். மீறலுக்குப் படிவம் அச்சடித்து, சுற்றறிக்கை அனுப்பி, முத்திரை செய்து கொடுத்தது நாம். பயணிகள் பிரிவின் சுவரில் தொற்று ஊர்களின் பட்டியல் ஒட்டப்பட்டது. அதில் இலுப்பப்பட்டும் இருந்தது.

ஆகஸ்ட் 28-ஆம் தேதியோடு பத்து நாள் கழிந்தது. தொற்று நீங்கிவிட்டது என்று மாவட்டத்துக்கு எழுதினேன். செப்டம்பர் முதல் வாரம் லூர்துமேரி என் மேசைக்கு முன்னால் வந்து நின்றாள்.

இலுப்பப்பட்டு மாதா கோயிலுக்குப் பின்னால் வீடு. நெடுஞ்சாலையில் இருந்த காலணித் தொழிற்சாலையில் மேல்தோல் தைக்கிறவள். கணவன் அந்தோணி வளைகுடாவில் சாரம் கட்டும் வேலையில் இருந்தான்.

"மேலர்ந்து வுழுந்துட்டாரு சார். இடுப்புக்குக் கீழ உணர்ச்சியே இல்லன்றாங்க. கூட இருந்து பாத்துக்க ஒரு ஆளு வரலாம்னு கம்பெனில எனக்கு விசா குடுத்துகீறாங்க. அக்டோபர் முடியறதுக்குள்ள போய் எறங்கணும். இங்க இன்னாடான்னா, உங்கூர்ல காலரா, போவக் கூடாதுன்றாங்க."

"யார் சொன்னது?"

"கவுண்டர்ல. பாரத்த வாங்கி, பென்சில்ல ஒரு கோடு இழுத்து, திருப்பிக் குடுத்துட்டான். எங்கூர்ல யாருக்கு சார் காலரா? ஒரு பேரு சொல்லு பாக்கலாம்."

பேர் எனக்குத் தெரியும். ஊர்க்காரர் யாருக்கும் தெரியாது. நோயாளி இலுப்பப்பட்டு மண்ணில் இருந்தது மொத்தம் பன்னிரண்டு நாள்.

"அங்க நர்ஸுக்குத் தமிழ் தெரியாது சார். தண்ணி வேணும்னாகூட சைகை காட்டிகினு கெடக்கறாராம்" என்றாள். அழவில்லை. வேலைக்கு நேரமாகிறது என்பதுபோல நின்றாள்.

நான் அவளுக்கு விதியை விளக்கினேன். பத்து நாள் என்றேன். ஒரு வாரத்தில் முடிந்துவிடும் என்றேன். இந்த வாக்கியத்தை நான் சொன்னது இன்றும் என் காதில் இருக்கிறது.

அவளையே அழைத்துக்கொண்டு பயணிகள் பிரிவுக்குப் போனேன். கவுண்டரில் இருந்தவர் என் தட்டச்சுத் தாளைக் கடைசி வரி வரை படித்தார். நல்ல மனிதர். "எல்லாம் சரிதான் சார். சர்க்குலர் எங்க?" என்றார். உலக விதிதான் இது என்றேன். "உலகம் எங்களுக்குத் தபால் போடாது சார். மாவட்ட அதிகாரி கையெழுத்துப் போட்டு அனுப்பினா பேரை எடுத்துடறேன்."

"சேர்க்கும்போது என் தந்தி போதுமா இருந்துதே?"

"சேர்க்க இன்ஸ்பெக்டர் போதும். எடுக்கத்தான் அதிகாரி வேணும்."

தொற்றுப் பகுதியை விட்டு ஐந்து நாள் வெளியே இருந்தவரைத் தடுக்க முகாந்திரம் இல்லை. ஆகவே அவளைப் பூந்தமல்லியில் அக்காள் வீட்டில் ஆறு நாள் தங்கச் சொன்னேன். தொழிற்சாலைக்கு லீவு போட்டுவிட்டுத் தங்கினாள். பூந்தமல்லி ஆய்வாளரிடம் சான்றும் வாங்கினேன். கவுண்டர்காரர் வசிப்பிடச் சான்றைக் காட்டினார். அதில் இலுப்பப்பட்டு என்று இருந்தது. காலராக் கிருமி ஆளைப் பார்க்காது, கிராம நிர்வாக அலுவலரின் கையெழுத்தைப் பார்த்துத்தான் ஒட்டிக்கொள்ளும் என்பதை அன்று தெரிந்துகொண்டேன்.

அந்தக் கிராம நிர்வாக அலுவலரே மறுநாள் என்னைத் தேடி வந்தார். "இன்னா சார் நீங்க, சின்ன மேட்டரை இந்த இழு இழுத்துகினு. எனக்கு ரெண்டு ஊரு சார்ஜ். பக்கத்து ஊர்ல கீறதா நான் எழுதித் தர்றேன். நீங்க கீழ, தொற்று இல்லைன்னு ஒரு கையெழுத்துப் போடுங்க. பொண்ணு பிளேன் ஏறிடும்."

"அவள் அந்த ஊரில் இல்லையே."

"ரெண்டு சட்டி பானையைத் தூக்கினு போய் வெச்சா இருந்துடறா. அந்த ஊரு இன்னா அமெரிக்காவா? நடுவுல ஒரு வாய்க்கா சார்!"

நான் மறுத்தேன். பொய்ச் சான்று என்றேன். நேர்மையாக வேலை நடக்கும்போது குறுக்கு வழி எதற்கு என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை, பரிதாபம் இருந்தது. லூர்து பக்கத்தில்தான் நின்றாள். "சார் சொன்னா சரியாத்தான் இருக்கும்ணே" என்று அவரிடம் சொன்னாள்.

மாவட்ட அதிகாரியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் மருத்துவர். யார்மீதும் கோபப்பட்டதில்லை. கோப்பு எதையும் நிராகரித்ததும் இல்லை. எந்தக் கோப்பு வந்தாலும் ஓரத்தில் பச்சை மையில் 'பேசவும்' என்று எழுதித் திருப்பிவிடுவார். பேசப் போனால் முகாமில் இருப்பார். முகாமுக்குப் போனால் அலுவலகம் திரும்பியிருப்பார். தற்செயலாகப் பிடித்துவிட்டால் நாற்காலி போடச் சொல்வார், டீ வரவழைப்பார், பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள் என்று கேட்பார். நாம் வந்த விஷயத்தை அவராகவே எடுப்பது, நாம் எழுந்து நின்ற பிறகுதான்.

இலுப்பப்பட்டுக் கோப்பில் மூன்று முறை 'பேசவும்' வந்தது. மூன்றாவது முறை, அக்டோபர் பாதியில், ஆள் கிடைத்தார்.

"நம்ம மாவட்டத்துல இந்த வருஷம் காலரா எத்தனை?" என்று கேட்டார்.

"ஒன்று சார்."

மேசையிலிருந்த அட்டவணையை என் பக்கம் திருப்பினார். காலராக் கட்டத்தில் கோடு. "இல்லாத நோய் எப்படி நீங்கும்? நீங்கிடுச்சுன்னு நான் எழுதினா, வந்துதான்னு கேப்பாங்க இல்ல?"

"சென்னையில் பட்டியலில் இருக்கிறதே சார். ஒரு பெண் போக முடியாமல் தவிக்கிறாள். கணவன் அங்கே படுத்த படுக்கையில்."

"பாவம்தான்" என்றார். உண்மையாகவே வருந்தினார், அதைத்தான் பொறுக்க முடியவில்லை. "பட்டியல்ல யார் சேர்த்தது?"

"என் தந்தி."

"அப்ப அது உங்களுக்கும் அவங்களுக்கும் உள்ள விவகாரம். நான் நடுவுல வர்றது முறையில்ல. டீ ஆறுது பாருங்க."

தந்தியின் அலுவலகப் பிரதி இணைந்த என் கோப்பை, பரிசீலிப்பதாகச் சொல்லி அங்கேயே வைத்துக்கொண்டார். அது என்னிடம் திரும்பி வரவில்லை.

அக்டோபர் முடிந்தது. விசா காலாவதியானது. லூர்து வந்து சொல்லக்கூட இல்லை. நானே நாட்காட்டியைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

டிசம்பரில் அந்தோணியை ஸ்ட்ரெச்சரில் கொண்டுவந்து இறக்கினார்கள். அதே சென்னை விமான நிலையம்தான். எந்த ஊருக்குப் போகிறாய் என்று அவனை யாரும் கேட்கவில்லை. இலுப்பப்பட்டுக்குள் போவதற்குத் தடை இல்லை. வெளியே வருவதற்குத்தான்.

ஜனவரியில் பொங்கல் முடிந்த வாரம் லூர்து மறுபடி வந்தாள். பார்த்ததும், பழைய விஷயத்துக்கு என்னைத் திட்ட வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். அப்படி இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"எங்கிட்ட பேச மாட்டேன்றாரு சார். வந்த நாள்லர்ந்து ஒரு வார்த்த இல்ல. நானாதான் வரலன்னு நெனச்சிகினு கீறாரு. காலரான்னு லெட்டர்ல எழுதினேன், நம்பல. நம்ம ஊர் ஜோசப்பு செப்டம்பர்ல அங்க போனான் இல்ல, அவன் நேரா ஆஸ்பத்திரிக்கே போய் இவரைப் பாத்துகீறான். 'அவன் வந்தான், உன்னால வர முடியலியா?'ன்னு மாமியாகிட்ட கேட்டாராம். எங்கிட்ட இல்ல, மாமியாகிட்ட."

ஜோசப் எப்படிப் போனான் என்று விசாரித்தேன். செப்டம்பரில் நான் இரண்டு நாள் விடுப்பில் இருந்தபோது, பொறுப்பு ஆய்வாளர் கையெழுத்துப் போட்டிருந்தார். பக்கத்து ஊர் வசிப்பிடச் சான்று. வாய்க்காலுக்கு அந்தப் பக்கம்.

"நீங்க வந்து ஒரு வார்த்த சொல்லுங்க சார். நீங்க சொன்னா நம்புவாரு."

போனேன். கயிற்றுக் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். தோளும் கையும் இன்னும் சாரம் கட்டுகிறவனுடையவை. போர்வைக்குக் கீழே எதுவும் இல்லாதது போலத் தட்டையாக இருந்தது.

"வா சார். பவுடர் சாரையே இட்டாந்துட்டாளா?" என்றான். "உனக்கு இன்னா சொல்லிக் குடுத்துகீறா?"

நடந்ததைச் சொன்னேன். சாலை வேலைக் கூட்டம், ஸ்வாப், தந்தி, பட்டியல், எல்லாம். இடையில் குறுக்கிடாமல் கேட்டான்.

"பேப்பர் கீதா?"

இல்லை. தந்திப் பிரதி மாவட்டத்தில். பதிவேட்டில் கோடு. கவுண்டரில் எழுத்தில் எதுவும் கொடுக்கவில்லை, பென்சில் கோடு மட்டும்தான். எழுதிக் கேட்கிறேன், பதில் வரும் என்றேன்.

"வந்தா எடுத்துகினு வா சார்" என்று மறுபடி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். "வாயால சொல்றதுக்கு இங்கயே ஆளு கீது."

அன்றே பயணிகள் பிரிவுக்கு எழுதினேன். இலுப்பப்பட்டு எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை தொற்றுப் பட்டியலில் இருந்தது என்று தெரிவிக்கும்படி லூர்துமேரியின் பெயரில் ஒரு மனு, அதற்கு என் முகப்புக் கடிதம், மாவட்டத்துக்கு நகல். பதில் இல்லை. நினைவூட்டு ஒன்று. நினைவூட்டு இரண்டு. பிப்ரவரியில் மாதா கோயில் ஃபாதரைப் பார்த்தபோது, அந்தோணி மூன்று நாளாகச் சாப்பிடவில்லை என்றார். "அவ கையால வேணாம்னு தட்டைத் தள்றான். நானும் சொல்லிப் பாத்துட்டேன் சார். பேப்பர் வரட்டும்ன்றான்."

மறுநாள் காலை எட்டு மணிக்கே அலுவலகம் போனேன். தமிழ்த் தட்டச்சு இயந்திரத்தில் தாளைச் சொருகினேன். ந.க. எண் போட்டேன், அப்படி ஒரு எண் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. பார்வை என்று இரண்டு கடிதங்களைக் குறிப்பிட்டேன், அவற்றை யாரும் எழுதவில்லை. இலுப்பப்பட்டு கிராமம் 1991 ஆகஸ்ட் முதல் காலராத் தொற்றுப் பட்டியலில் வைக்கப்பட்டிருந்தது என்றும், அக்காரணத்தால் திருமதி லூர்துமேரி அயல்நாடு செல்ல அனுமதி மறுக்கப்பட்டார் என்றும், அவர் செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் பலமுறை முயன்றும் அது வழங்கப்படவில்லை என்றும் சான்றளித்தேன். அப்படிச் சான்றளிக்க எனக்கு அதிகாரம் இல்லை. கையெழுத்துக்கு மேல் வட்ட முத்திரை, கீழே நீள முத்திரை. உள்ளே இருந்தது எல்லாம் உண்மை. ஆவணம் முழுக்கப் பொய். செப்டம்பரில் இதில் பாதிப் பொய்க்கு நான் சம்மதித்திருந்தால் இந்தத் தாளே தேவைப்பட்டிருக்காது.

அந்தோணி அதை வாங்கி இரண்டு முறை படித்தான். முத்திரை மேல் கட்டைவிரலை வைத்துத் தேய்த்துப் பார்த்தான். பிறகு நெஞ்சின்மேல் கவிழ்த்து வைத்துக்கொண்டான். லூர்து வாசலில், உள்ளே வராமல் நின்றிருந்தாள்.

"லூர்து" என்றான். "அந்த ஜன்னல சாத்து. வெயில் மூஞ்சில அடிக்குது."

அவள் வந்து சாத்தினாள். நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

பிறகும் நினைவூட்டுகளை நிறுத்தவில்லை. தொடங்கிய கோப்பை முடிக்க வேண்டும் என்பது என் நோய். மொத்தம் ஒன்பது அனுப்பினேன். ஒன்பதாவதுக்குப் பின் பதில் வந்தது. பதிவேடுகளைச் சரிபார்த்ததில், மாவட்ட அதிகாரியின் அறிக்கைப்படி அந்த ஆண்டு காலரா ஏதும் இல்லாததால், இலுப்பப்பட்டு கிராமம் எந்தத் தொற்றுப் பட்டியலிலும் எப்போதும் சேர்க்கப்படவில்லை என்றும், மனுதாரரின் பயணத்துக்குத் தடை ஏதும் இருந்ததில்லை என்றும், அவர் விரும்பியிருந்தால் சென்றிருக்கலாம் என்றும் தெரிவிக்கப்பட்டிருந்தது. கடைசி வரியைப் படித்தபோதுதான் அதற்கும் கீழே இருந்ததைப் பார்த்தேன். நகல்: திருமதி லூர்துமேரி, இலுப்பப்பட்டு.

சைக்கிளில் அவ்வளவு வேகமாக நான் போனதில்லை. போஸ்ட்மேன் எனக்கு முன்னாலேயே வந்துவிட்டுப் போயிருந்தார். லூர்து கொல்லைப்புறம் அடுப்பு ஊதிக்கொண்டிருந்தாள். உள்ளே அந்தோணி ரேடியோவை யாரோ திருகிவிட்டதாகச் சத்தம் போட்டுக்கொண்டிருந்தான்.

"வந்துது சார்" என்றாள், நான் கேட்பதற்கு முன்னால். "படிச்சேன். அடுப்புல போட்டுட்டேன்." ஊதுகுழலைக் கீழே வைத்தாள். "நல்லா எழுதறாங்க சார் இவனுங்க. உம் பேரே லூர்து இல்லன்னு எழுதாம வுட்டானுங்களே. அவருக்குத் தெரியாது. உங்க பேப்பரு செபப் புத்தகத்துல கீது. உங்களுக்கும் ஒண்ணு வந்துருக்குமே, அதையும் குடுங்க, சோறு வேகணும்."

கொடுக்கவில்லை. அரசுக் கடிதத்தை எரிக்க எனக்கு மனம் வரவில்லை. அலுவலகத்துக்குத் திரும்பி, தபால் பதிவேட்டில் வரிசை எண் போட்டு, அனுப்பியவர், பொருள், பக்கம் எல்லாம் எழுதி, கோப்பு முடிக்கப்பட்டது என்று குறித்து, வரப்பெற்ற நாள் என்ற கட்டத்தையும் நிரப்பினேன்: 11.8.1992.